மலையிலிருந்து ஒரு பாப் ராக் இசைக்குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரைச் சேர்ந்த நால்வர் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். தேநீர்க் கடையிலும், திருமண வீட்டுப் பந்தியிலும், நிகழ்ச்சி முடிந்து கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி வந்திருக்கிறோம். அவற்றுக்கு இங்கே சற்று நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். இது விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் குழுவின் பெயரையும் உறுப்பினர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

நீங்கள் ஆர்கெஸ்ட்ராவா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை யாரும் இழிவாகக் கேட்பதில்லை. நாங்களும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. மெல்லிசைக் குழு என்பது திரைப்பாடல்களை ஒலித்தட்டில் கேட்டபடியே மேடையில் நிகழ்த்திக் காட்டும் கலை. ஒரே மாலையில் நாற்பது பாடல்களை ஒரு இடையிசையும் பிசகாமல் வாசிக்கும் கீபோர்டு கலைஞர்களைப் பார்த்து நாங்கள் வாயடைத்து நின்றிருக்கிறோம். எங்கள் வேலை வேறு. நாங்களே எழுதி, நாங்களே மெட்டமைத்த பாடல்களை டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார்கள், குரல் ஆகியவற்றைக் கொண்டு வாசிக்கிறோம். கருவிகளும் முழக்கமும் ராக் இசைக்குரியவை. மூன்று நான்கு நிமிட நீளமும், ஒருமுறை கேட்டவுடன் முணுமுணுக்கத் தோன்றும் பல்லவியும் பாப் இசைக்குரியவை.

நடைமுறையில் பெரிய வேறுபாடு பல்லவி வரும் இடத்தில் இருக்கிறது. நம் திரைப்பாட்டில் பெரும்பாலும் பல்லவிதான் முதலில் வரும். எங்கள் வகையில் சரணம் போன்ற ஒரு பகுதி முன்னால் வர, பல்லவி காத்திருந்து பின்னால் வரும். கல்லூரி மாணவர்கள் அந்தக் காத்திருப்பை ரசிக்கிறார்கள், திருமண வரவேற்பிலோ, பாட்டு தொடங்கி முக்கால் நிமிடம் ஆன பிறகு ஒரு பெரியவர் மேடையருகே வந்து, “தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டதுண்டு.

நீலகிரியில் இந்த இசை எங்கிருந்து வந்தது?

எங்கள் நால்வரையும் எடுத்துக்கொண்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். நான் கிட்டார் பிடிக்கக் கற்றது தேவாலயப் பாடகர் குழுவில். ஊட்டியின் புனித ஸ்டீபன் ஆலயம் 1830களின் தொடக்கத்திலேயே வழிபாட்டுக்கு வந்துவிட்டது என்பதிலிருந்து, இந்த மலையில் மேற்கத்திய இசைக்கு எவ்வளவு நீண்ட பழக்கம் உண்டு என்று ஊகித்துக்கொள்ளலாம். டிசம்பர் குளிரில் வீடு வீடாகக் கேரல் பாடிச் சென்ற இரவுகளில்தான் நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதை நான் முதன்முதலில் உணர்ந்தேன்.

எங்கள் லீட் கிட்டார் கலைஞர் படுகர். படுகர் ஊரான ஹட்டியில் திருமணம் என்றால் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் வட்டமாக நின்று ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர். டிரம்ஸ் வாசிப்பவரின் தாத்தா, 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பேரனின் கைவேகம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவில் பழகியது. பாடுபவர் மட்டும் முறையாகக் கர்நாடக இசை கற்றவர். எங்களில் தாளக் கணக்கு தெரிந்தவரும் அவர் ஒருவரே என்பதை அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

இதுவே முழுநேரத் தொழிலா? எவ்வளவு கிடைக்கிறது?

முழுநேரத் தொழில் அல்ல. ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் பள்ளியில் கற்பிக்கிறார், ஒருவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார், நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வளர்ந்து வரும் குழு என்று எங்களைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வளர்ச்சிக்கான செலவை இந்த நான்கு வேலைகளே ஏற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியின் கணக்கை அப்படியே தருகிறேன். கோவையில் ஒரு கல்லூரி விழாவுக்கு ரூ.30,000 பேசினோம். வேனுக்கும் டீசலுக்கும் 8,000, ஒலியமைப்புப் பொறியாளராக உடன் வந்த நண்பருக்கு 4,000, சாப்பாடு, கிட்டார் தந்தி, பேட்டரி போன்றவற்றுக்கு 2,000, குழுவின் பொது நிதிக்கு 6,000 போக மிஞ்சியது 10,000. அதாவது ஆளுக்கு 2,500. அதற்காக இருவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்தோம், நால்வரும் ஓர் இரவுத் தூக்கத்தை இழந்தோம். பொது நிதியை எடுத்துவைக்காமல் ஆளுக்கு 4,000 பிரித்துக்கொள்ளலாமே என்று தொடக்கத்தில் எனக்குத் தோன்றியது. ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று மேடையிலேயே புகைவிட்ட நாளில் அந்த எண்ணம் அகன்றது.

பணம் பேசும்போது முன்பணம் பாதியையாவது வாங்கிவிட வேண்டும் என்பதை நாங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றோம். ஒரு விடுதியில் புத்தாண்டு இரவு மூன்று மணி நேரம் வாசித்த பிறகு, விருந்தினர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று காரணம் சொல்லிப் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் குளிரில் நின்று வாதாடியதோடு சரி. இப்போது தேதி, நேரம், தொகை, மின்வசதி, சாப்பாடு, ரத்தானால் என்ன என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்காமல் கருவியை வேனில் ஏற்றுவதில்லை.

பயிற்சி எங்கே, எப்போது நடக்கிறது?

வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிறு பிற்பகலும், காய்கறி மூட்டை வைக்கப் பயன்பட்ட ஒரு பழைய கிடங்கில் பயிற்சி செய்கிறோம். கேரட்டின் மண்வாசனை இன்னும் போகவில்லை. மலையில் ஒலி வெகுதூரம் போகும்; நாங்கள் ஒரு சரிவில் வாசித்தால் எதிர்ச் சரிவில் உள்ளவர்களுக்கு டிரம்ஸ் மட்டும் தனியாகக் கேட்கும் என்று பின்னர்தான் அறிந்தோம். ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விதியைவிட அண்டைவீட்டு அம்மாவின் பொறுமையே எங்களுக்கு நெருக்கமான வரம்பு. சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்து, கதவிடுக்கில் கம்பளியைத் திணித்து, எட்டரைக்குள் முடித்துவிடுகிறோம்.

குளிரும் மழையும் கருவிகளை என்ன செய்கின்றன?

கேட்பவர்கள் எதிர்பார்ப்பதைவிட இதற்கு நீண்ட பதில் உண்டு. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காலை 10 டிகிரி குளிரில் சுருதி சேர்த்த கிட்டாரை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் 35 டிகிரி வெயில் காயும் கோவைக்கு இறங்கினால், எஃகுத் தந்தி வெப்பத்தில் நீண்டு, இழுவிசை தளர்ந்து, சுருதி இறங்கிவிடும். திரும்பி ஏறும்போது அது கூடிவிடும். தந்தியையாவது திருகிச் சரிசெய்துவிடலாம். மரத்தை அப்படிச் செய்ய முடியாது. அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது என்பார்கள். மழைக்காலத்தில் எங்கள் கிடங்கில் துவைத்த துணியே நான்கு நாள் காயாது. மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை உப்பும். தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்து, அழுத்தும் விரல் வலிக்கும்.

நாங்கள் செய்வதெல்லாம் எளிய காரியங்கள்தாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை ஈரத்தை நிறைய உறிஞ்சிய பின் அடுப்பருகே காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த துணியால் துடைக்கிறோம். துடைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் துரு ஏறிவிடும். கீழே இறங்கியதும் பெட்டியை உடனே திறப்பதில்லை. குளிர்ந்த உலோகத்தின்மீது வெப்பமான ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி படியும்; ஆம்ப்பின் உட்பகுதியில் அது படிந்தால் அன்றைய நிகழ்ச்சி அவ்வளவுதான். எனவே அரை மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கிறோம். ஏற்பாட்டாளர்கள் இதைச் சோம்பல் என்று நினைக்கிறார்கள்.

ஜனவரியில் உறைபனி இறங்கும் இரவுகளில் வாசிப்பது வேறு துன்பம். விரல்நுனி மரத்துவிட்டால் எந்தக் கட்டையை அழுத்துகிறோம் என்பதே தெரியாது. மேடைக்குப் பின்னால் வெந்நீர்ப் பிளாஸ்க் வைத்திருப்பது குடிப்பதற்காக மட்டுமல்ல.

நிகழ்ச்சிகளுக்கு எப்படிப் போய் வருகிறீர்கள்?

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலான 14 கொண்டை ஊசி வளைவுகளும் எங்கள் குழுவின் ஐந்தாவது உறுப்பினர் என்று டிரம்ஸ் கலைஞர் சொல்வார். அவர்தான் வேனையும் ஓட்டுகிறார் என்பதால் அதை மறுக்க முடிவதில்லை. நாங்கள் எத்தனை மணிக்கு மேடையேறுகிறோம், எந்தப் பாட்டோடு நிறுத்துகிறோம் என்பதையெல்லாம் பல நேரங்களில் சாலைதான் தீர்மானிக்கிறது.

பெங்களூரில் வாசிக்கும் நாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மைசூர் வழியாக ஊட்டிக்கு வரும் சாலை பந்திப்பூர் வனப்பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் சாலைக்கும் இரவுத் தடை உண்டு. விலங்குகளுக்காகப் போட்ட தடை என்பதால் அதில் எங்களுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேடையிலிருந்து இறங்கும் குழு, மறுநாள் காலை ஒன்பதுக்குப் பள்ளியில் வகுப்பெடுக்க வேண்டுமென்றால், சேலம், ஈரோடு, அவினாசி என்று சமவெளியைச் சுற்றிக்கொண்டு வந்து விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தை அடைந்து, கல்லாறு தாண்டி யானை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே மேலேற வேண்டும். ஒருமுறை பர்லியாறு அருகே ஒற்றை யானை ஒன்று ஐம்பது நிமிடம் சாலையை விடவில்லை. பாடகர் அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு சரணத்தை எழுதி முடித்தார்; அது நன்றாக வரவில்லை என்பது வேறு.

மலைக்குள்ளேயே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு வேறு வகைச் சிக்கல். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் பெற்றே வர வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. மாவட்டப் பதிவெண் உள்ள எங்கள் வேனுக்கு அது தேவையில்லை. கோவையிலிருந்து வரும் சவுண்ட் சர்வீஸ் வண்டிக்குத் தேவை. மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்காகக் குன்னூர் வழியாக ஏற்றமும் கோத்தகிரி வழியாக இறக்கமும் என்று ஒருவழிப் பாதை ஆக்கும் நாட்களில், ஸ்பீக்கர் வரும்வரை நாங்கள் மேடையில் கைகட்டி நிற்போம். சீசனில்தான் வாய்ப்புகள் அதிகம், சீசனில்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அக்டோபர், நவம்பரில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கீழே நடக்கும் நிகழ்ச்சிகளை நாங்களே விட்டுவிடுகிறோம்.

ஏன் தமிழில் பாடுகிறீர்கள்? ராக் இசைக்குத் தமிழ் ஒத்துவருகிறதா?

முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தில்தான் எழுதினோம். ஊட்டியில் ஒரு நிகழ்ச்சிக்கு வந்த டிரம்ஸ் கலைஞரின் அம்மா, “சத்தம் நல்லாருக்கு, என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முயன்றபோதுதான், அந்த வரிகளில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது எங்களுக்கே புலப்பட்டது.

தமிழுக்கு மாறியதும் எதிர்பாராத தொல்லை ஒன்று எழுந்தது. ராக் தாளம் நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்நேர் என்ற கூர்மையாக ஒலிக்கும் டிரம்மை அடித்து அழுத்தம் தருகிறது. ஆங்கிலச் சொற்களில் அசைகளுக்கு இயல்பாகவே அழுத்தம் உண்டு; அதை ஸ்நேரோடு பொருத்திவிட்டால் வரி தானாக நிற்கும். தமிழ்ச் சொல் அழுத்தத்தால் அல்ல, அளவால் நடக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறில் விழும் இடத்தில் ஸ்நேர் ஓங்கி அடித்தால், பாடுபவர் தம்மை அறியாமல் அதை நெடிலாக்கிவிடுவார். ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வரியின் கடைசியில் இருக்கிறது. பாப் ராக் பல்லவியின் இறுதிச் சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும். கூட்டமும் சேர்ந்து பிடிக்க வேண்டும். நம் சொற்களில் எத்தனை எத்தனை குற்றியலுகரத்தில் முடிகின்றன என்று அப்போதுதான் கவனித்தோம். காற்று, பாட்டு, நேற்று, வீடு, காடு: கடைசி உகரம் அரை மாத்திரைதான். அதை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தால் உதடு குவிந்து, பொருளும் போய், கேலியாக ஒலிக்கும். ‘மலை’ என்ற சொல்லின் இறுதி ஐகாரமும் குறுகி ஒலிப்பதே. எங்கள் மலையைப் பற்றி எழுதிய முதல் பாட்டிலேயே மலை என்ற சொல்லைப் பல்லவியின் கடைசியில் வைத்துவிட்டு மூன்று வாரம் திண்டாடினோம். நிலா, கனா, வா, போ என்று நெடிலில் முடியும் சொற்கள் தமிழ்ப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காதல் மட்டுமே காரணமல்ல என்பது என் துணிபு.

இப்போது வரியின் இறுதியை விட்டுவிட்டு முதலசையையோ நடுவில் உள்ள நெடிலையோ நீட்டுகிறோம். ‘காற்று’ என்றால் ‘கா’ நீண்டு, ‘ற்று’ வெட்டி முடியும். அந்த வெட்டின் மீது ஸ்நேர் விழுந்தால் ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு முறுக்கு கிடைக்கிறது. பாட்டைத் தாளத்தின் முதல் அடியில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுப்பதும் உதவுகிறது. கர்நாடக இசையில் இதை அனாகத எடுப்பு என்பார்கள் என்று பாடகர் விளக்கினார். ஸ்டுடியோவில் ஒருவர் அதையே புதுப்பாணி என்று பாராட்டியபோது அவர் சிரிக்கக்கூட இல்லை.

படுகர் பாட்டையும் கோத்தர் இசையையும் கலந்து பாடலாமே?

வெளியூர் ஏற்பாட்டாளர்கள் தவறாமல் முன்வைக்கும் யோசனை இது. படுகர் இசை ஏற்கெனவே தன் போக்கில் கீபோர்டையும் ஒலிப்பதிவையும் ஏற்றுக்கொண்டு, தனக்கென்று பாடகர்களோடும் கேட்பவர்களோடும் உயிர்ப்புடன் இருக்கிறது; அதற்கு எங்கள் கைத்தாங்கல் தேவையில்லை. எங்கள் கிட்டார் கலைஞர் தம் மொழியில் எழுதிய ஒரு பாட்டு எங்களிடம் உண்டு, அது அவருடையது என்பதால் பாடுகிறோம்.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் இசை வேறு. ஊதுகருவியும் கொம்பும் முரசும் கொண்ட அந்த இசையில் தெய்வத்துக்குரிய மெட்டுகள், சாவுக்குரிய மெட்டுகள் என்று தனித்தனி வகைகள் உண்டு. ஒருகாலத்தில் படுகரின் இறப்புச் சடங்குகளுக்கும் கோத்தர்களே இசைத்தார்கள். எது எதற்குரியது என்று அறியாமல் பத்து விநாடித் துண்டை எடுத்துத் தாளத்துக்கு நடுவே சொருகினால், பிறர் வீட்டு ஒப்பாரியை நம் விருந்தில் ஒலிபரப்பியது போலாகும். அவர்களாக முன்வந்து சேர்ந்து வாசிக்கும் நாள் வந்தால், அது கூட்டு முயற்சியாக இருக்கும். பணமும் பெயரும் அதற்கேற்பப் பிரியும்.

பாட்டை வெளியிட்டால் வருமானம் வருமா?

வரும், தேநீர்ச் செலவுக்கு. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பாட்டுக்குப் பங்கு தருவதில்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது அதற்கு ஈடான ஷார்ட்ஸ் பார்வைகளும் வேண்டும். புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதே: வரியும் மெட்டும் ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. 1969-இல் தோன்றிய இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருக்கான தொகையை வசூலிக்கிறது. 2012-இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அவர்களது பங்கை உறுதி செய்தது. படைத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும் என்பதால், இன்று அலட்சியமாகப் போடும் கையெழுத்து பேரப்பிள்ளைகள் வரை போகும்.

உங்களுக்குள் சண்டை வருமா?

வரும். பெரும்பாலும் இசையைப் பற்றி அல்ல. யார் தாமதமாக வந்தார், யார் கேபிளை மறந்தார் என்பதைப் பற்றியே. பெரிய சண்டை ஒரே ஒரு முறை, ஒரு பாட்டு யாருடையது என்பதில் மூண்டது. பாடகர் வரி எழுதினார், கிட்டார் கலைஞர் மெட்டுப் போட்டார், ஆனால் கூட்டத்தை எழுப்பும் அந்த டிரம்ஸ் தொடக்கம் இல்லாமல் அது பாட்டே இல்லை என்றார் மூன்றாமவர். நான்கு மாதம் பேச்சில்லை. பின்னர் எல்லாப் பாட்டும் நால்வருக்கும் சமம் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். அது முழு நியாயம் அல்ல என்பது எனக்குத் தெரியும்; எனக்குத்தான் அதில் லாபம்.

காதுக்குப் பாதிப்பு இல்லையா?

உண்டு. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் தொழில்நலப் பரிந்துரை கூறுகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். சிறிய அறையில் டிரம்ஸ் அதை எளிதில் எட்டும். நாங்கள் நால்வரும் பயிற்சியிலும் காதடைப்பான் போடுகிறோம்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

என் அப்பா இன்றுவரை ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. வேன் மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதா என்று இரவு இரண்டு மணிக்கு அழைத்துக் கேட்பவரும் அவர்தான்.

ஏன் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயரவில்லை?

அங்கே மேடைகளும் ஸ்டுடியோக்களும் அதிகம், உடன் வாசிக்க ஆட்களும் அதிகம் என்பதில் ஐயமில்லை. போனவர்களில் சிலர் நன்றாக இருக்கிறார்கள். நாங்களும் ஓராண்டு அதைப் பற்றித் தீவிரமாகப் பேசினோம். நான்கு வாடகை, நான்கு புதிய வேலை, பயிற்சி அறைக்கு மணிக்கணக்கில் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தபோது, பாட்டு எழுதக் கிடைக்கும் நேரம் இங்கிருப்பதைவிடக் குறைந்தது. இங்கே எங்களிடம் பணம் இல்லை, ஆனால் ஜூலை மழையில் சுற்றுலாப் பயணிகள் வராத, நிகழ்ச்சியே இல்லாத ஏழெட்டு வாரங்கள் இருக்கின்றன. எங்கள் பாடல்களில் பாதிக்கு மேல் அந்த வாரங்களில் எழுதியவை. கிட்டார் கலைஞர் மட்டும் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு இந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கலாம்.

உங்கள் குழுவில் சேர முடியுமா?

கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். ஞாயிறு பிற்பகல் தவறாமல் வர வேண்டும், கருவியைச் சுமக்கத் தயங்கக் கூடாது. மலைப்பாதையில் இரவில் வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால், சுருதி சற்று முன்பின் இருந்தாலும் பேசிக்கொள்ளலாம்.